18 ஆனதும் எல்லாரும் எங்க போயிடறாங்க?

போன இதழ்ல சாரணர் கேம்ப் பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன், நாலு வரிதான் இருக்கும். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கேம்ப் பத்தியே பேசல. 18 வயசு தாண்டினதும் பசங்க இயக்கத்தை விட்டுக் காணாம போறதைப் பத்தித்தான் எல்லாரும் புலம்பியிருக்கீங்க, சில பேர் காணாம போனவங்களாவே எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை முழுப் பக்கமும் இதுக்கே. வேற கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், 12 வருஷமா ஒரு ஸ்கவுட் ட்ரூப் நடத்துறேன். வருஷா வருஷம் நாலஞ்சு பேர் 18 தொடுறாங்க. பிரிவு உபசார விழா ஜோரா வைக்கிறோம், ஷீல்டு, குரூப் ஃபோட்டோ, பேச்சு, அழுகை எல்லாம் உண்டு. "கண்டிப்பா வருவேன் சார்"னு கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்றான், அடுத்த மாசம் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறான். நாங்க என்னதான் தப்பு பண்றோம்?

பதில்: விழாதான் சார் தப்பு. கோவிச்சுக்காதீங்க. மேடையில ஏத்தி, "இவன் எங்க ட்ரூப்போட சொத்து"ன்னு பேசி, ஷீல்டை கையில குடுத்து அனுப்பிட்டா அவன் என்ன நினைப்பான், நம்ம கணக்கு முடிஞ்சுதுன்னுதானே நினைப்பான். ரிட்டையர் ஆனவர் மறுநாள் காலைல ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா எப்படி இருக்கும், அந்தக் கூச்சம் அவனுக்கும் இருக்கும்ல. நீங்க போன் பண்றப்ப அவன் எடுக்காததுக்குப் பாதி காரணம் இந்தக் கூச்சம்தான், திமிர் எல்லாம் கிடையாது.

அடுத்தது நீங்க கேட்கிற நேரம். 18ல ஒருத்தனுக்குப் படிக்கிற இடம் மாறுது, சில பேருக்கு ஊரே மாறுது, கூட்டாளிங்க மாறுறாங்க, சிலர் வேலைக்குப் போறாங்க, சிலருக்குக் காதல் வேற, எல்லாம் ஒரே மூணு நாலு மாசத்துல நடக்குது. அந்தக் குழப்பத்துக்கு நடுவுல போய் "நீ தொடர்ந்து வரணும்ப்பா"ன்னா பாவம் தலையை ஆட்டுவான், வேற என்ன பண்ணுவான். இந்தப் பேச்சை அவனுக்கு 15, 16 வயசு இருக்கும்போதே ஆரம்பிச்சிருக்கணும். பேச்சுன்னு கூட சொல்லக் கூடாது, அவன் கண்ணுல படணும். உங்க கேம்ப்ல 20, 21 வயசு ஆளுங்க நாலு பேர் தனியா ஒரு டென்ட் போட்டுக்கிட்டு, விடியக்காலை 4 மணிக்கு எழுந்து மலை ஏறிட்டு 9 மணிக்கு சிரிச்சுக்கிட்டே திரும்பி வர்றதை 15 வயசுப் பையன் பார்த்தா போதும், "நானும் பெரியவனானா இதுல சேரணும்"னு அவனா முடிவு பண்ணிடுவான். பசங்க எப்பவுமே தன்னை விட ரெண்டு மூணு வயசு மூத்தவனைப் பார்த்துதான் வளர்றாங்க, நம்மளை மாதிரி வழுக்கைத் தலையைப் பார்த்து இல்ல.

இது புதுத் தலைவலின்னு நினைச்சுடாதீங்க. சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவல் 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல 20 சொச்சம் பசங்களை வச்சு முதல் கேம்ப் போட்டாரு. அந்தப் பசங்க என்ன அப்படியே நின்னுடுவாங்களா, வளர்ந்தாங்க, வளர்ந்தவங்களை என்ன பண்றதுன்னு தெரியல. 1918ல ரோவர்னு பெரியவங்களுக்கு ஒரு பிரிவே தொடங்க வேண்டியதாப் போச்சு. அப்போ இயக்கத்துக்கும் இந்தத் தலைவலிக்கும் வயசு வித்தியாசம் வெறும் 11 வருஷம். ரோவருக்கு வச்ச கொள்கை ஒரே வார்த்தைதான், சேவை. அது கூட எனக்கு இப்ப யோசிச்சா கரெக்டாதான் படுது, ஏன்னா 18 வயசுக்காரனுக்கு இன்னொரு பேட்ஜ் மேல ஆசை இருக்காது, தன்னால ஒரு பிரயோஜனம் இருக்கான்னு தெரியணும்.

என் கதையை சொல்றேன். 19 வயசுல நானும் டாட்டா காட்டிட்டுப் போனவன்தான். ரெண்டு மூணு தடவை "அப்பப்ப வந்துட்டுப் போ"ன்னு சொல்லி விட்டாங்க, நான் போகவே இல்ல. அப்பப்பன்னா எப்ப? வந்து என்ன பண்ணணும்? யாராவது இருப்பாங்களா? ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் எங்க ட்ரூப் லீடர் போன் பண்ணாரு, "ஸ்டவ் மூணு அடைச்சுக்கிச்சு, பர்னரை கழட்டி மாட்ட உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வர முடியுமா"ன்னு கேட்டாரு. நலம் கூட விசாரிக்கல மனுஷன். போனேன். ஒரு மணி நேரம்னு சொன்னது மூணு மணி நேரமாச்சு, பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த ரெண்டு பொடியன்களுக்கு சொல்லிக் குடுக்க அடுத்த சனிக்கிழமையும் போனேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன்.

அதனால பொத்தாம்பொதுவா கூப்பிடாதீங்க. என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு நேரம், எப்ப முடியும், இந்த நாலும் சொல்லிக் கூப்பிடுங்க. அதுக்கு உங்க கிட்ட ஒரு நோட்டு இருக்கணும், போனவங்க பேர், நம்பர், யாருக்கு என்ன கை வந்த கலைன்னு. ஒருத்தன் மேப் படிக்கிறதுல கெட்டிக்காரன், ஒருத்தி முதலுதவியில கெட்டிக்காரி, ஒருத்தனுக்கு கேம்ப் ஃபயர்ல சிரிக்க வைக்கத் தெரியும். பரீட்சை நேரத்துல கூப்பிடாம லீவு நேரமா பார்த்துக் கூப்பிடுங்க. அஞ்சு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேர் வந்தா சந்தோஷப்படுங்க. மத்தவங்க வரலைன்னா அது உங்க தோல்வி இல்ல, அவங்கவங்க வாழ்க்கை அது.

விழாவுக்கு வர்றேன். இத்தாலியில சாரணர்கள் 16லேருந்து 21 வரைக்கும் ஒரு பிரிவுல இருக்காங்க, அது முடியும்போது பார்தென்ஸான்னு ஒண்ணு வைப்பாங்க. புறப்பாடுன்னு அர்த்தம். ஷீல்டு குடுக்கிற நிகழ்ச்சி இல்ல அது, கிளம்புறவங்க எல்லார் முன்னாடியும் நின்னு இனிமே நான் எப்படி வாழப் போறேன், எங்க சேவை பண்ணப் போறேன்னு தன் வாயால சொல்லணும். அதை சொல்லத் தயாரானாதான் புறப்பாடு, வயசு ஆயிடுச்சேன்னு தானா நடந்துடாது. நீங்க அதை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம், ஆனா அடுத்த விழாவுல நீங்க பேசுற நேரத்தைக் குறைச்சுட்டு அந்தப் பசங்களைப் பேச விடுங்க.

கேள்வி: அண்ணா, எனக்கு 18 முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. போன வருஷம் வரைக்கும் நான்தான் சீனியர் பேட்ரோல் லீடர், 30 பேரை நடத்தினேன். இப்ப அசிஸ்டென்ட் லீடர்னு பேர் போட்டு உட்கார வச்சிருக்காங்க, பெட்டி தூக்குறதும் ஃபார்ம் வாங்குறதும்தான் வேலை. என் க்ளோஸ் ஃப்ரெண்டுக்கு 17, போன கேம்ப்ல அவன் டென்ட்ல படுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பெரியவங்க டென்ட்ல 45 வயசு அங்கிள்ஸ் கூட படுத்தேன், விடிய விடிய குறட்டை. விட்டுடலாமான்னு இருக்கு.

பதில்: தம்பி, குறட்டை விஷயத்துல உனக்கு என் ஆழ்ந்த அனுதாபம், அதுக்கு மருந்தே கிடையாது.

டென்ட் விஷயத்துல மட்டும் பெரியவங்க பக்கம்தான் நான். அது உன் மேல சந்தேகப்பட்டு செஞ்சது இல்ல. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கூட பெரியவங்க தனியா ஒரே டென்ட்ல படுக்கக் கூடாதுன்னு விதி வச்சிருக்கிறது குழந்தைங்களோட பாதுகாப்புக்கு. அந்தக் கோடு எங்கயாவது ஒரு இடத்துல விழுந்துதான் ஆகணும், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்துடுச்சு, அவனும் இன்னும் கொஞ்ச மாசத்துல இந்தப் பக்கம் வந்துடுவான். பாதுகாப்புப் பயிற்சி இருந்தா அதை முதல்ல முடிச்சுடு. இதுல உன்னை யாரும் முன்கூட்டியே உட்கார வச்சுப் பேசலைன்னு நினைக்கிறேன், அதுதான் எனக்குக் கோவம். பிறந்த நாள் வரைக்கும் நீ சின்னப் பையன், மறுநாள் காலைல நீ பெரியவன், விதி அப்படி மாறும்போது அதை ஒரு ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்ல.

இன்னும் கொடுமை என்னன்னா, முழுப் பெரியவனாகவும் உன்னை எடுத்துக்க மாட்டாங்க. அமெரிக்காவுல பாரு, 18 ஆனதும் ட்ரூப்ல நீ பெரியவங்க கணக்கு, ஆனா ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரெண்டு லீடர் இருக்கணும்ங்கிற விதிக்கு 21 ஆனவங்களைத்தான் எண்ணுவாங்க. நடுவுல இருக்கிற அந்த மூணு வருஷம் ரெண்டுங்கெட்டான் நிலைமை. அதனாலதான் அங்கயே 21 வயசு வரைக்கும் வென்ச்சரிங்னு தனியா ஒரு பிரிவு நடக்குது, 1998ல ஆரம்பிச்சது. காலேஜ் போறவங்களுக்கு ஆல்ஃபா ஃபை ஒமேகான்னு ஒரு சேவைச் சங்கம், அது ரொம்பப் பழசு, 1925ல சாரணரா இருந்த மாணவர்களே சேர்ந்து ஆரம்பிச்சாங்க. பிரிட்டன்ல 25 வரைக்கும் நெட்வொர்க்னு பேரு. இந்தியா, ஆஸ்திரேலியா மாதிரி பல நாட்டுல ரோவர்ங்கிற பழைய பேரே இன்னும் ஓடுது. நீ எந்த நாட்டுல இருந்தாலும் சரி, உன் வயசு ஆளுங்க இருக்கிற பிரிவு எதுன்னு முதல்ல கண்டுபிடி. உன் பிரச்சனை பெட்டி தூக்குறது இல்ல தம்பி, கூட தூக்குறதுக்கு உன் வயசுல ஒரு ஆள் இல்லாததுதான்.

ட்ரூப்ல இருக்கணும்னு ஆசைப்பட்டா, போய் நேரா கேளு, "சார் எனக்கு ஒரு முழு வேலை குடுங்க, அதுல நீங்க தலையிடக் கூடாது, தப்பு நடந்தா என்னைக் கேளுங்க"ன்னு. கம்பும் கயிறும் வச்சு மேடை கட்டுறது, பாலம் கட்டுறது, ராத்திரி ஹைக், எதுவா வேணா இருக்கட்டும். குடுப்பாங்க, அவங்களுக்கும் ஆள் பஞ்சம்தானே. ஆனா ஒண்ணு சொல்லணும், கசக்கும், கேட்டுக்கோ. இப்ப இருக்கிற சீனியர் பேட்ரோல் லீடர் உன்னை விட மோசமாத்தான் பண்ணுவான், நீ ஆரம்பத்துல பண்ணுன மாதிரி. அவன் தடுமாறும்போது நீ குறுக்க பூந்து "இங்க குடு"ன்னு வாங்கி நடத்திடாத. பின்னாடி நில்லு. ஒரு வருஷம் வாயைத் திறக்காம பின்னாடி நிக்கத் தெரிஞ்சுதுன்னா நீ லீடர்.

வெளில பார்க்கவும் வாய்ப்பு இருக்கு. உலக ஜம்போரி, அதாவது பல நாட்டுச் சாரணர்கள் கூடுற பெரிய முகாம், 14லேருந்து 17 வயசுக்குத்தான், ஆனா 18 தாண்டினவங்க அங்க சர்வதேச சேவைக் குழுவுல போகலாம், வேலை செய்யப் போறதுதான், கட்டணமும் நம்மதான் கட்டணும், அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ. அடுத்தது 2027ல போலந்துல. 18லேருந்து 25 வரைக்கும் இருக்கிறவங்களுக்குன்னே உலக மூட்னு ஒரு பெரிய முகாம் நடக்குது, 2025ல போர்ச்சுகல்ல நடந்துச்சு. சுவிட்சர்லாந்துல காண்டர்ஸ்டெக்னு 1923லேருந்து ஒரு சர்வதேச சாரணர் மையம் இருக்கு, 1931ல முதல் உலக ரோவர் மூட் நடந்ததே அங்கதான். அங்க பல நாட்டு இளைஞர்கள் சில மாசம் தங்கி கிச்சன்லேருந்து மலையேற்றம் வரைக்கும் எல்லா வேலையும் பார்ப்பாங்க. அங்கயும் பெட்டி தூக்கணும், ஆனா உன் வயசுக்காரங்க கூட தூக்குவ.

விடணும்னு தோணினா ஆறு மாசம் விடு. சொல்லிட்டு விடு, காணாம போகாத.

கேள்வி: என் பொண்ணுக்கு 19. சாரணியரா இருந்தா, இப்ப சின்னப் பசங்க பிரிவுல உதவி லீடர். நீங்க எல்லாரும் ஆளே வர்றதில்லைன்னு புலம்புறீங்க, இங்க தலைகீழ். சனி ஞாயிறு ரெண்டு நாளும் போறா, நடுவுல மீட்டிங், ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல வேலை சொல்றாங்க. செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. முடியாதுன்னு சொல்லத் தெரியல அவளுக்கு. நானே போய் அவங்க கிட்ட சண்டை போடவா?

பதில்: வேண்டாம்மா, நீங்க போய் சண்டை போட்டா அவளுக்கு மானம் போகும், ரெண்டு பக்கமும் நிக்க முடியாமப் போயிடும். அவளையே பேச வைங்க.

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் குத்துச்சு, ஏன்னா நானே இதைப் பண்ணியிருக்கேன். ஒரு ட்ரூப்ல பத்து பேர் வராம போனா வர்ற ஒருத்தர் தலையில பத்து பேர் வேலையும் விழும், இழுக்கிற மாட்டுக்குத்தானே பாரம் ஏத்துவாங்க. அப்படி ஏத்தி ஏத்தி 21 வயசுல அவங்களும் ஒரு நாள் யூனிஃபார்மை மடிச்சு வச்சுட்டுப் போயிடுவாங்க, அப்ப நாங்க "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல"ன்னு பேசுவோம். போனவங்கள்ல ஆர்வம் இல்லாம போனவங்களை விட களைச்சுப் போய் போனவங்கதான் அதிகம்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவ கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லுங்க, "மாசத்துல ரெண்டு நாள் வர்றேன், எந்த ரெண்டு நாள்னு முன்கூட்டியே சொல்லிடறேன், பரீட்சை மாசம் கிடையாது." இதுக்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க, நாங்க எல்லாம் அதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ராத்திரி வர்ற மெசேஜுக்குக் காலைல பதில் போடட்டும், யாரும் செத்துட மாட்டாங்க. முதல் மாசம் முகம் சுளிப்பாங்க, மூணாவது மாசம் பழகிடும்.

இதைப் படிக்கிற லீடருங்களுக்கு: அந்தப் பொண்ணு சின்னப் பசங்களுக்காகவே எல்லா நாளும் ஓடிக்கிட்டிருக்கா, அவளுக்குன்னு என்ன வச்சிருக்கீங்க? ஒரு ஹைக், ஒரு பயிற்சி, அவ வயசுக்காரங்க கூட ஒரு ராத்திரி கேம்ப், ஏதாவது? சொல்லிக் குடுக்கிறவங்களும் எங்கயாவது ஒரு இடத்துல கத்துக்கணும்ல.

கேள்வி: உயர்ந்த விருது வாங்கினதும் பசங்க போயிடறாங்க. விருதை இன்னும் கஷ்டமாக்கினா நிப்பாங்களா?

பதில்: நிக்க மாட்டாங்க, சீக்கிரமே போயிடுவாங்க. விருதுக்காக வந்தவன் விருதோட போவான். அமெரிக்காவுல சாரணர்களோட உயர்ந்த விருதான ஈகிளுக்கான வேலையெல்லாம் பொதுவா 18வது பிறந்த நாளுக்கு முன்னாடியே முடிச்சாகணும், அதனால கடைசி ஒரு வருஷம் பையனும் வீட்டுல இருக்கிறவங்களும் மூச்சு வாங்க ஓடுவாங்க, பேட்ஜ் கைக்கு வந்ததும் குடும்பமே அப்பாடான்னு உட்கார்ந்துடும். அந்த அப்பாடாவுக்கு அப்புறம் என்னங்கிறதை யோசிங்க. விருதை விட்டுடுங்க, அது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

கேள்வி: சார், நான் ஒரு ரோவர் க்ரூவுக்கு, அதாவது ரோவர் குழுவுக்கு, ஆலோசகரா இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி 14 பேரோட ஆரம்பிச்சோம், இப்ப வர்றது மூணு பேர், அதுல ஒருத்தர் என் தம்பி. வாரா வாரம் வெள்ளிக்கிழமை மீட்டிங் போடுறோம், தலைமைப் பண்பு, நேர மேலாண்மைன்னு நல்ல நல்ல தலைப்புல ஆள் கூட்டிட்டு வந்து பேச வைக்கிறேன். இந்த வயசுக்கு என்ன புரோகிராம் குடுத்தா வருவாங்க?

பதில்: உங்க தம்பிக்கு என் வாழ்த்தை சொல்லுங்க, பொறுமைசாலி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், 20 வயசு, நேர மேலாண்மை பத்தி சொற்பொழிவு. நான் கூட வர மாட்டேன் சார். உங்க கேள்வியிலயே சிக்கல் இருக்கு பாருங்க, "என்ன புரோகிராம் குடுத்தா"ன்னு கேட்கிறீங்க. நீங்களே குடுத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் வர மாட்டாங்க. 12 வயசுப் பையனுக்கு நாம புரோகிராம் குடுக்கலாம், அங்கயும் பேட்ரோல் முறைன்னு ஒண்ணு இருக்கு, சின்னச் சின்னக் குழுவா பிரிஞ்சு பசங்களே தங்களை நடத்திக்கணும்னு பேடன் பவல் வச்சது. அதுல ஆறு வருஷம் பழகி வந்தவனை 19 வயசுல திரும்ப பெஞ்சுல உட்கார வச்சா அது பின்னாடி போறது இல்லையா.

நான் சொல்றதை வரிசையா செய்யணும்னு இல்ல, தோணுற மாதிரி எழுதுறேன். முதல்ல வாராந்திர மீட்டிங்கை நிறுத்துங்க. மாசத்துக்கு ஒரு நாள், ஆனா முழு நாள், வெளில. நடுவுல அவங்களா சந்திச்சுக்கிட்டா சந்திச்சுக்கட்டும். ரெண்டாவது, அந்த மூணு பேரையும் கூப்பிட்டு "இந்த வருஷம் ஒரே ஒரு பெரிய விஷயம் பண்ணலாம், என்னன்னு நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு நீங்க எழுந்து வெளில போயிடுங்க. நிஜமாவே வெளில போங்க. அஞ்சு நாள் மலை நடையா இருக்கலாம், படகு கட்டுறதா இருக்கலாம், 200 பொடியன்களுக்கு ஒரு நாள் விளையாட்டு நடத்துறதா இருக்கலாம், எதுவா இருந்தாலும் கொஞ்சம் பயமா இருக்கணும், நம்மளால முடியுமான்னு தோணணும். பயம் இல்லாத வேலைக்கு இந்த வயசுல யாரும் ராத்திரி முழிக்க மாட்டாங்க. பிரான்ஸ்ல கம்பான்யோன்னு 17 வயசுக்கு மேல உள்ளவங்க சின்ன சின்னக் குழுவா சேர்ந்து ஒரு சேவைத் திட்டம் போடுறாங்க, பெரும்பாலும் வெளிநாட்டுல, அதுக்குப் பணம் சேர்க்கிறதுலேருந்து அங்க போய் வேலை முடிக்கிற வரைக்கும் அவங்க பொறுப்பு. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா ரோவர்கள் மட்பாஷ்னு சேத்துல கார் ஓட்டுற ஒரு நிகழ்ச்சியே நடத்துறாங்க, பேரைக் கேட்டாலே என் மாதிரி ஆளுங்களுக்கு நெஞ்சு படபடங்கும், ஆனா அதை ஒழுங்கா நடத்த எவ்வளவு திட்டம், எவ்வளவு பாதுகாப்பு ஏற்பாடு, எவ்வளவு கணக்கு வழக்கு வேணும் யோசிச்சுப் பாருங்க, நீங்க கூட்டிட்டு வர்ற தலைமைப் பண்பு பேச்சாளர் சொல்லிக் குடுக்கிறது எல்லாம் அந்தச் சேத்துலயே வந்துடும்.

பணம் அவங்க கையில இருக்கணும். சின்னத் தொகையா இருந்தாலும் க்ரூவோட பணம், பொருளாளர் அவங்கள்ல ஒருத்தர், கணக்கை நீங்க பார்க்கலாம், கையெழுத்து அவங்க போடணும். இதைச் செய்ய நம்ம ஆளுங்களுக்கு மனசே வராது. முகாமுக்கு 30 குழந்தைங்களை நம்பி அனுப்புவாங்க, ஆனா பணப் பெட்டியை மட்டும் நம்பிக் குடுக்க மாட்டாங்க, இதுல எது பெரிசுன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

இன்னொண்ணு, சாரணரா இருந்தவங்க மட்டும்தான் வரணும்னு வச்சிருக்கீங்களா? எடுத்துடுங்க. 19 வயசுல முதல் தடவையா டென்ட் அடிக்கிறவங்க முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும் பாருங்க, பழைய ஆளுங்களுக்கு அது பார்த்தாலே ஆர்வம் வந்துடும். முடிச்சு போடத் தெரியாதவங்களுக்கு சொல்லிக் குடுக்கிறப்ப இவங்களுக்கும் மறந்தது ஞாபகம் வரும். ஒருத்தர் தன் காலேஜ் ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சா உங்க 14 சீக்கிரம் திரும்பிடும்.

விதிமுறையை அவங்களையே எழுத வைங்க. இத்தாலியில ஒவ்வொரு கிளானும், அதாவது அவங்க க்ரூ, தங்களுக்குன்னு ஒரு சாசனம் எழுதி வச்சுக்கும், நாம யாரு, எதை நம்புறோம், ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன செய்வோம்னு. எழுதும்போது சண்டை வரும், வரட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில க்ரூல 25 வயசு தாண்டியும் போகாம அதே நாலு பேர் உட்கார்ந்துக்கிட்டு, பழைய கேம்ப் கதையே பேசிக்கிட்டு, புதுசா வர்ற 18 வயசுக்காரங்களுக்கு இடமே இல்லாம பண்ணிடுவாங்க. பிரிட்டன்லயே 1966ல ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்து அதுக்கப்புறம் ரோவர் பிரிவையே மூடிட்டு வென்ச்சர் ஸ்கவுட்னு 16லேருந்து 20 வரைக்கும் புதுசா ஆரம்பிச்சாங்க, பின்னாடி 25 வரைக்கும் நெட்வொர்க்னு திரும்ப கொண்டு வர வேண்டியதாச்சு. மூடுறதும் திறக்கிறதும் அவங்க பாடு, நமக்கு வேண்டியது என்னன்னா தலைவர் பதவி வருஷா வருஷம் மாறணும், அது எழுதி வச்சதா இருக்கணும், 25 வந்தா வழி விடணும். நீங்களும் சேர்த்துத்தான் சார், ஆலோசகர்னா எத்தனை வருஷம்னு உங்களுக்கு நீங்களே ஒரு கணக்கு வச்சுக்கோங்க.

கேள்வி: லீவுல வீட்டுக்கு வர்ற பழைய பசங்களை ட்ரூப் மீட்டிங்குக்குக் கூப்பிட்டா சின்னப் பசங்க டிஸ்டர்ப் ஆகுறாங்க, கூப்பிடலாமா வேண்டாமா?

பதில்: கூப்பிடுங்க, சும்மா உட்கார வைக்காதீங்க. பழைய பசங்க எதிர் இப்ப இருக்கிற பேட்ரோல் லீடருங்கன்னு ஒரு விளையாட்டு வைங்க. பழசுங்க தோத்தா இன்னும் நல்லது, அடுத்த லீவுக்கு பழி வாங்க வருவாங்க.

கேள்வி: வணக்கம் சார். வயசு 27. எட்டு வயசுலேருந்து 18 வரைக்கும் சாரணியர்ல இருந்தேன், அப்புறம் படிப்பு, வேலை, ஒன்பது வருஷம் எட்டிக் கூடப் பார்க்கல. போன வாரம் பஸ்ல ஒரு ட்ரூப் கேம்ப்புக்குப் போறதைப் பார்த்தேன், ஒரு குட்டிப் பொண்ணு ஸ்கார்ஃபை தப்பா கட்டியிருந்தா, கை பரபரன்னு வந்துச்சு, சரி பண்ணி விட்டுட்டேன். அதுலேருந்து ஒரே ஞாபகம். இத்தனை வருஷம் கழிச்சு எந்த முகத்தோட போறது, சேர்த்துப்பாங்களா? என் பழைய லீடர் இன்னும் இருக்காங்க, அவங்க போனை நான் எடுக்காம விட்டது நிறைய.

பதில்: மா, நீங்க முதல் கேள்வி கேட்டவரோட கடிதத்தைப் படிச்சீங்கன்னா உங்களுக்கே பதில் கிடைச்சிடும், அவர் இன்னும் போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு.

ரோவர் வயசும், பெண்களுக்கான ரேஞ்சர் பிரிவு வயசும் உங்களுக்குத் தாண்டிடுச்சு, ஆனா லீடரா வர வயசு வரம்பு ஒண்ணும் இப்ப உங்களைத் தடுக்காது. உங்க பின்னணியை சரிபார்ப்பாங்க, குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி குடுப்பாங்க, அதுக்கப்புறம் லீடர் பயிற்சி, 1919ல இங்கிலாந்துல கில்வெல் பார்க்ல ஆரம்பிச்ச வுட் பேட்ஜ்னு மரமணி போட்டுக்கிட்டு சுத்துவாங்களே, அது வரைக்கும் போகலாம். வாரா வாரம் வர முடியாதுன்னா பழைய சாரணர் சாரணியருக்குன்னே ஃபெல்லோஷிப் இருக்கு, 1953லேருந்து உலக அளவுல நடக்குது, பல நாட்டுல கிளை உண்டு. அது கொஞ்சம் மூத்தவங்க கூட்டமா இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

ஆனா உங்களுக்கு நான் சொல்றது வேற. பழைய லீடருக்கு மன்னிப்புக் கடிதம் எல்லாம் எழுதாதீங்க. போன் பண்ணி, "அடுத்த கேம்ப் எப்ப, ஒரு நாள் வர்றேன், ஸ்கார்ஃப் கட்ட சொல்லிக் குடுக்கிறேன்"னு சொல்லுங்க. அவங்க எடுக்கலைன்னா ரெண்டாவது தடவையும் பண்ணுங்க, உங்களுக்கு அவங்க எத்தனை தடவை பண்ணியிருப்பாங்க. பழைய யூனிஃபார்ம் இப்ப பத்தாது, புதுசுக்கு முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.